நீதிமன்றத் தீர்ப்புகளைக் கணினி வழியே ஆராய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிப்பவர்களும், தரவு ஆய்விலிருந்து சட்டத்தின் பக்கம் வருபவர்களும் இத்துறையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்திய உச்ச நீதிமன்றத்தைச் சார்ந்தவை. பிற நாட்டு ஆய்வுகள் முன்னோடியாக அமைந்த இடங்களில் அவையும் சேர்க்கப்பட்டுள்ளன.

தீர்ப்புகளைக் கணினி வழியே ஆராய்வது என்றால் என்ன?

வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரருக்காக முன்தீர்ப்பை, அதாவது வழிகாட்டியாக எடுத்துக்காட்டத் தக்க முந்தைய தீர்ப்பை, தேடும்போது, வழக்கோடு பொருந்தி வரும் நான்கைந்து தீர்ப்புகள் கிடைத்தாலே போதும். அவற்றை வரிவரியாகப் படித்து, எந்தப் பத்தியை எடுத்துக்காட்டலாம், எதிர்த்தரப்பு காட்டும் தீர்ப்பை எந்த உண்மை வேறுபாட்டைச் சொல்லி விலக்கலாம் என்று பார்ப்பார். கணினி வழி ஆய்வு எழுப்பும் கேள்விகள் வேறு வகையானவை. 1950 முதல் இன்றுவரை உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது உறுப்பை உச்ச நீதிமன்றம் எவ்வகை வழக்குகளில் எடுத்தாண்டுள்ளது? தடுப்புக்காவலில் தொடங்கிய அந்தப் பயன்பாடு சுற்றுச்சூழல், மருத்துவம், வாழ்விடம் என்று எந்தக் கட்டத்தில் விரிந்தது? எந்தெந்தத் தீர்ப்புகள் அந்த விரிவுக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டன? ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும். அவ்வளவையும் ஒருவர் படித்து முடிக்க இயலாது என்பதால், உரையிலிருந்து மேற்கோள்களை (வேறு தீர்ப்புகளைச் சுட்டும் இடங்களை) பிரித்தெடுப்பது, பொருள்வாரியாக வகைப்படுத்துவது, முடிவுகளை எண்ணிக்கையாக மாற்றுவது ஆகிய வேலைகளை நிரலிடம் ஒப்படைக்கிறோம்.

எதை எண்ணுவது, எதை ஒரே வகையாகக் கருதுவது என்பதை மட்டும் நிரல் தீர்மானிக்க முடியாது. அதை முன்கூட்டியே தீர்மானிப்பவர் சட்டம் அறிந்தவராக இருக்க வேண்டும். ஆய்வின் தரம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. கீழே வரும் விடைகள் பலவற்றில் இந்தக் கருத்து மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம்.

இது அண்மையில் தோன்றிய துறையா?

கணினி அண்மையில் வந்தது. எண்ணிப் பார்க்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-இல் ஒரு மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை பின்பற்றின, எவை மறுத்தன என்பதை அதில் குறித்து வைத்தார்கள். யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் கட்டுரைகளுக்கான மேற்கோள் அட்டவணையை 1950-களில் முன்மொழிந்தபோது இந்தச் சட்ட அட்டவணையையே முன்மாதிரியாகக் கொண்டார். அந்த மேற்கோள் பகுப்பாய்வுச் சிந்தனை 1990-களின் இறுதியில் இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் முறைகளுக்கு உதவியது. பிறகு அதே முறைகள் சட்டத்துக்குத் திரும்பி வந்தன. ஜேம்ஸ் ஃபவுலரும் உடன் ஆய்வாளர்களும் 1791 முதல் 2005 வரையான அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 26,681 பெரும்பான்மைத் தீர்ப்புரைகளை ஒரே வலைப்பின்னலாக்கி, எது எவ்வளவு செல்வாக்குள்ள முன்தீர்ப்பு என்று 2007-இல் அளந்து காட்டினார்கள்.

இந்தியத் தீர்ப்புகள் எங்கே கிடைக்கும்?

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஈ-எஸ்.சி.ஆர். என்ற தளத்தைத் திறந்து, தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கக் கொடுத்தது. 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் தேடுபொறியில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. மாவட்ட, சார்பு நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. தாக்கல் செய்த நாள், பிரிவு, வாய்தா விவரம், முடிவு முதலியவற்றை அதன் மூலம் பார்க்கலாம். தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டமைப்பு இவற்றின் மொத்தக் கணக்கைக் காட்டுகிறது. மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதை அதில் காணலாம்.

ஒப்பீட்டுக்கு அயல்நாட்டுத் தரவு வேண்டுமானால், ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கத் தீர்ப்புத் தொகுதிகளை, சுமார் 4 கோடி பக்கங்களை, மின்வருடி எடுத்து 67 லட்சம் வழக்குகளாக 2018-இல் வெளியிட்டது. 2024-இல் எஞ்சியிருந்த கட்டுப்பாடுகளும் நீங்கின. இவ்வளவு பெரிய தொகுப்பு மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வடிவில் நம்மிடமும் இருந்திருந்தால், இந்திய ஆய்வாளர்கள் தரவு சேர்ப்பதில் செலவிடும் மாதங்கள் மிச்சப்பட்டிருக்கும்.

தீர்ப்புகளைப் பதிவிறக்கி ஆராய்வதில் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

நீதிமன்றம் வழங்கிய மூலத் தீர்ப்பை மறுபதிப்பு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவிலேயே சொல்கிறது. நீதிமன்றமே தடைசெய்த தீர்ப்புகள் மட்டும் இதற்கு விலக்கு. ஆனால் தனியார் சட்ட இதழ்கள் அச்சிடும் வடிவத்தில் தலைக்குறிப்பு, பத்தி பிரிப்பு, பத்தி எண், எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்ற குறிப்பு போன்ற பதிப்பாசிரியரின் சேர்ப்புகள் இருக்கும். ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. மூலத் தீர்ப்பு பொதுவெளிக்கு உரியது. குறைந்த அளவேனும் படைப்பாற்றலும் தேர்வும் செலுத்திச் செய்த சேர்ப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே ஆய்வுக்கான உரையை நீதிமன்றத் தளங்களிலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது. ஒவ்வொரு தளத்தின் பயன்பாட்டு விதிகளும் தானியங்கிப் பதிவிறக்கத்தைப் பற்றித் தனியே சொல்லியிருக்கும். அவற்றையும் படித்துவிட வேண்டும்.

தரவைத் தயார் செய்வதில் எது கடினம்?

புதிதாக வருபவர்கள் பகுப்பாய்வு முறையைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். உண்மையில் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பது இந்தத் தயாரிப்புதான்.

முதலில் மேற்கோள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்கை ஒரு தீர்ப்பு, தான் எடுத்த சட்ட இதழின் பெயரோடும் பக்க எண்ணோடும், "ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461" என்று குறிக்கும், இன்னொன்று வேறோர் இதழைக் கொண்டு "(1973) 4 எஸ்.சி.சி. 225" என்று குறிக்கும், மூன்றாவது அதிகாரபூர்வத் தொகுப்பின் துணைத்தொகுதியைக் குறிக்கும், நான்காவது, எந்த எண்ணும் இல்லாமல் "கேசவானந்த பாரதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். இவை நான்கும் ஒன்றே என்று நிரலுக்கு யாராவது கற்பிக்க வேண்டும். இல்லையேல் இந்தியாவின் மிக முக்கியமான தீர்ப்பு நான்கு சிறிய தீர்ப்புகளாகச் சிதறி நிற்கும். 2023-இல் உச்ச நீதிமன்றம் எந்த இதழையும் சாராத நடுநிலை மேற்கோள் எண்ணைக் கொண்டுவந்து, பழைய தீர்ப்புகளுக்கும் அதை வழங்கியது. ஆயினும் பல பத்தாண்டுத் தீர்ப்புகளின் உள்ளே இருப்பவை பழைய குறியீடுகள்தான் என்பதால், இணை மேற்கோள்களின் அட்டவணை ஒன்றை உருவாக்காமல் வேலை நடக்காது.

அடுத்தது, தீர்ப்பு என்ற அலகு. ஒரே தீர்ப்புரை நூறு மேல்முறையீடுகளை ஒன்றாக முடித்து வைக்கலாம். அதை ஒன்று என்று எண்ணுவதா, நூறு என்று எண்ணுவதா? நேர்மாறாக, கேசவானந்த பாரதியில் 13 நீதிபதிகள் 11 தனித்தனித் தீர்ப்புரைகளை எழுதினார்கள். பெரும்பான்மையின் கருத்து இன்னது என்று சொல்லும் சுருக்கக் குறிப்பில் 9 பேரே கையெழுத்திட்டார்கள். 7-க்கு 6 என்ற அந்த முடிவில் எது பிணைக்கும் விதி என்பதைப் பற்றிச் சட்ட அறிஞர்களே நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். அட்டவணையில் "முடிவு" என்ற ஒரே கட்டத்தில் இதை அடைத்து வைக்கும் எந்தத் தரவுத்தொகுப்பும் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பியது என்று விளக்கியாக வேண்டும்.

மூன்றாவதாக, வெற்றி தோல்வி. "மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது", "தள்ளுபடி" ஆகியவை எளியவை. "பகுதியளவு அனுமதிக்கப்படுகிறது", "மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது", "மேற்கண்ட வழிகாட்டுதல்களுடன் முடித்து வைக்கப்படுகிறது" என்பன யாருக்கு வெற்றி? தண்டனை உறுதி செய்யப்பட்டு, சிறைக்காலம் மட்டும் ஏற்கெனவே கழித்த காலமாகக் குறைக்கப்பட்டால், மேல்முறையீட்டாளர் அன்றே வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆனால் பதிவில் குற்றவாளியாகவே இருக்கிறார். ஆய்வின் கேள்வி எதுவோ அதைப் பொறுத்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

உச்ச நீதிமன்றத் தரவைக் கையாள்வோர் அடிக்கடி தவறவிடுவது எது?

தொடக்க நிலையிலேயே தள்ளுபடியாகும் சிறப்பு அனுமதி மனுக்கள். மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டு அரசமைப்பின் 136-ஆவது உறுப்பின் கீழ் வரும் இந்த மனுக்களில் மிகப் பல, காரணம் எதுவும் சொல்லாத ஒரு வரி ஆணையால் முடிந்துவிடுகின்றன. அத்தகைய தள்ளுபடி கீழ்நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகாது. அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு ஒன்றிவிடுவதுமில்லை என்று குஞ்ஞம்மது எதிர் கேரள அரசு வழக்கில் 2000-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டுள்ளது. இதை அறியாதவர் அந்த ஆணைகளையும் முன்தீர்ப்புகளாகச் சேர்த்து, "உச்ச நீதிமன்றம் இத்தனை விழுக்காடு வழக்குகளில் உயர் நீதிமன்றத்தை ஆதரித்தது" என்று எழுதிவிடுவார். கணக்கு சரியாக இருக்கும். கூற்று சட்டப்படி பிழையாக இருக்கும்.

அதே போல, தொகுப்பில் இருப்பவை வெளியிடத் தக்கவை என்று தேர்ந்தெடுக்கப்பட்ட தீர்ப்புகளா, அல்லது அனைத்துமா என்று பார்க்க வேண்டும். நீதிமன்றம்வரை வந்து தீர்ப்பு பெறும் தகராறுகளே நாட்டின் தகராறுகளில் சிறு பகுதி. சமரசமாகிப் போனவை, பணமில்லாமல் கைவிடப்பட்டவை, மேல்முறையீடு செய்யப்படாதவை ஆகிய எவையும் தீர்ப்புத் தொகுப்பில் தென்படுவதில்லை.

மேற்கோள் வலைப்பின்னல் எப்படி வேலை செய்கிறது? அதிக மேற்கோள் பெற்ற தீர்ப்புதான் அதிக அதிகாரம் உடையதா?

ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு புள்ளி. ஒன்று மற்றொன்றை எடுத்தாண்டால் அவற்றுக்கிடையே ஒரு கோடு. கோடுகளை வெறுமனே எண்ணுவதோடு நிற்காமல், செல்வாக்குள்ள தீர்ப்புகளால் எடுத்தாளப்படும் தீர்ப்புக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதும் உண்டு. இதன் மூலம் ஒரு கோட்பாட்டின் வேர் எது, எந்தத் தீர்ப்புக் கூட்டங்கள் தமக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன, எந்த ஆண்டுக்குப் பின் ஒரு முன்தீர்ப்பு வழக்கொழிந்தது என்பவற்றைத் தெளிவாகக் காணலாம். சட்ட வரலாற்றுக்கு இது பெரும் கொடை என்பதே என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு, ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாண அரசு வழக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. கம்யூனிஸ்டு தலைவர் கோபாலன் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த அந்த வழக்கில், 1950 மே மாதம் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 21-ஆவது உறுப்பையும், பேச்சு, நடமாட்டம் முதலிய சுதந்திரங்களைத் தரும் 19-ஆவது உறுப்பையும் தனித்தனி அறைகளாகப் பெரும்பான்மை பார்த்தது. சட்டமன்றம் இயற்றிய நடைமுறை எதுவானாலும் அது போதும் என்றது. நீதிபதி ஃபசல் அலி அதற்கு மாறுபட்டார். 1970-இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கில் 11 நீதிபதிகள் அந்தத் தனி அறைப் பார்வையைக் கைவிட்டார்கள். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 2017-இல் 9 நீதிபதிகள் அந்தரங்க உரிமையை உறுதிசெய்த புட்டசாமி தீர்ப்பும் இந்த வரலாற்றை விரிவாகத் திரும்பிப் பார்த்தது.

இப்போது வலைப்பின்னலில் கோபாலன் வழக்கு எப்படித் தெரியும்? நிறைய கோடுகள் வந்து சேரும் பெரிய புள்ளியாகத் தெரியும். அந்தக் கோடுகளில் முக்கியமானவை பல, அதிலிருந்து விலகுவதற்காக அதை எடுத்துக்காட்டிய தீர்ப்புகளிலிருந்து வருபவை. இன்னும் நுட்பமாக, பிற்கால நீதிபதி ஒருவர் ஃபசல் அலியின் மாறுபட்ட கருத்தைப் பாராட்டி மேற்கோள் காட்டினாலும், மேற்கோள் எண் ஒன்றே என்பதால், அந்தக் கோடு பெரும்பான்மைத் தீர்ப்பின் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். எதிர்த்து எழுதியவருக்குக் கிடைத்த மதிப்பு எதிர்க்கப்பட்ட கருத்துக்குப் போய்ச் சேர்கிறது. எனவே கோடு ஒவ்வொன்றுக்கும் "பின்பற்றியது", "வேறுபடுத்தியது", "மறுத்தது", "வெறுமனே குறிப்பிட்டது" என்று வகைக்குறி இட வேண்டும். முடிந்தால் எந்த நீதிபதியின் தீர்ப்புரை என்பதையும் பிரித்துக் குறிக்க வேண்டும். ஷெப்பர்டின் அட்டவணையில் மனிதர்கள் கையால் செய்த வேலை இதுதான்.

தலைப்பு மாதிரியாக்கம் என்பது என்ன?

ஒரே தீர்ப்பில் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு, தீர்ப்புகளைப் பொருள்வாரியாகத் தானே குழுவாக்கும் புள்ளியியல் முறை. நிலம், இழப்பீடு, ஆர்ஜிதம், சந்தை மதிப்பு என்பன ஒரு குழுவாகவும், பணிமூப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் என்பன வேறொரு குழுவாகவும் திரளும். பெரிய தொகுப்பை முதன்முதலில் சுற்றிப் பார்க்க இது பயன்படும். குழுவுக்குப் பெயர் சூட்டுவது ஆய்வாளர் என்பதாலும், குழுக்களின் எண்ணிக்கையை மாற்றினால் குழுக்களே மாறிவிடும் என்பதாலும், இதன் முடிவை மட்டும் நம்பி எந்த வாதத்தையும் நிறுவக் கூடாது.

வழக்கின் முடிவைக் கணினி முன்கூட்டிச் சொல்லிவிடுமா?

சில சூழல்களில், ஓரளவுக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுப் பருவ வழக்குகளில், வழக்கின் ஆறு பொதுத் தன்மைகளை மட்டுமே பார்த்த ஒரு புள்ளியியல் மாதிரி 75 விழுக்காடு முடிவுகளைச் சரியாகச் சொன்னது. சட்ட வல்லுநர்கள் 59 விழுக்காட்டைத்தான் சரியாகச் சொன்னார்கள். அது தீர்ப்பு வருவதற்கு முன்பே கணிப்பைப் பதிவு செய்த ஆய்வு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். 2017-இல் டேனியல் காட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு வழக்குகளில், ஒவ்வொரு வழக்குக்கும் அதற்கு முந்திய தகவலை மட்டும் கொண்டு 70.2 விழுக்காடு முடிவுகளைச் சரியாகக் கணித்தார்கள். இந்த எண்ணைப் பாராட்டும் முன், அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் வழக்குகளில் பெரும்பான்மையானவற்றில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றிவிடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "மாற்றப்படும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரும் பாதிக்கு மேல் சரியாகவே சொல்வார். அந்த அடிப்படை அளவோடு ஒப்பிடாத எந்த விழுக்காடும் பொருளற்றது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 584 வழக்குகளை வைத்து 2016-இல் வெளிவந்த ஆய்வு 79 விழுக்காடு துல்லியம் காட்டியபோது, கணினி நீதிபதி வந்துவிட்டார் என்று செய்தித் தலைப்புகள் எழுந்தன. அந்த மாதிரிக்கு ஊட்டப்பட்ட உரையோ நீதிமன்றமே எழுதிய தீர்ப்பின் பகுதிகள். "வழக்கின் உண்மைகள்" என்ற பகுதியைக்கூட, முடிவை அறிந்த பிறகு நீதிமன்றம்தான் எழுதுகிறது. எதை விரிவாகச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்ற தேர்விலேயே முடிவின் நிழல் படிந்திருக்கும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் சுமார் 35,000 வழக்குகளைக் கொண்டு 2021-இல் வெளியான தரவுத்தொகுப்பிலும் இதே நிலைதான். இறுதி ஆணையை நீக்கிவிட்டுக் கொடுத்தபோது சிறந்த மாதிரி 78 விழுக்காடு சரியாகச் சொன்னது; அதே பணியில் சட்ட வல்லுநர்கள் 94 விழுக்காட்டை எட்டினார்கள். இவற்றை முடிவை அடையாளம் காணும் பயிற்சி என்று சொல்வதே பொருந்தும். மனு தாக்கலான நாளில் இருக்கும் ஆவணங்களை மட்டும் வைத்துச் சொன்னால்தான் அது கணிப்பு.

நீதிபதிகளின் சார்பை இம்முறையால் கண்டறியலாமா?

கவனமாக வடிவமைத்தால் சில வகைச் சார்புகளைச் சோதிக்கலாம். ஈ-கோர்ட்ஸ் தரவிலிருந்து 2010 முதல் 2018 வரையிலான 50 லட்சம் குற்ற வழக்குகளை எடுத்து, நீதிபதியும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே பாலினமாகவோ ஒரே மதமாகவோ இருந்தால் விடுதலை வாய்ப்பு கூடுகிறதா என்று பொருளியல் அறிஞர்கள் குழு ஒன்று ஆராய்ந்தது. மதத்தையும் பாலினத்தையும் பெயர்களிலிருந்து இயந்திரக் கற்றல் மூலம் ஊகித்தார்கள். எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது ஏறத்தாழத் தற்செயலாக அமைவதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சராசரியாக அத்தகைய சார்பு ஏதும் தென்படவில்லை என்பது அவர்களின் முடிவு.

இதிலிருந்து இந்தியக் குற்றநீதி அமைப்பில் பாகுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. யாரைக் காவல்துறை கைது செய்கிறது, எந்தப் பிரிவுகளைப் போடுகிறது, பிணை யாருக்குக் கிடைக்கிறது என்பன அந்த அளவீட்டுக்கு வெளியே உள்ளவை. எல்லா நீதிபதிகளும் ஒரே பிரிவினர்பால் ஒரே அளவில் கடுமையாக இருந்தால், அதையும் இந்த ஒப்பீடு காட்டாது.

தனிப்பட்ட நீதிபதிகளைப் பெயர் சொல்லித் தரவரிசைப்படுத்துவது இன்னும் சிக்கலானது. பிரான்ஸ் நாடு 2019-ஆம் ஆண்டுச் சட்டமொன்றில், நீதிபதிகளின் அடையாளத் தரவைப் பயன்படுத்தி அவர்களின் நடைமுறையை மதிப்பிடுவதையும் ஒப்பிடுவதையும் கணிப்பதையும் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளித்தது. பொது அதிகாரம் செலுத்துவோரை ஆராயும் உரிமையை அது அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டது என்றே கருதுகிறேன். அதே வேளையில், நம் உச்ச நீதிமன்றத்தில் எந்த அமர்வுக்கு எந்த வழக்கு என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிப்பதால், வழக்கின் வகையைக் கணக்கில் எடுக்காமல் இரு நீதிபதிகளின் எண்களை அருகருகே வைப்பது நியாயமாகாது.

தமிழில் உள்ள தீர்ப்புகளை இப்படி ஆராயலாமா?

ஆராயலாம், ஆராய வேண்டும். தமிழ்நாட்டின் கீழ்நீதிமன்றங்களில் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளில்தான் வாய்மொழிச் சாட்சியம், ஊர் வழக்கம், நிலத்தின் எல்லை விவரம், குடும்பச் சொத்தின் கதை எல்லாம் முழுமையாக இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்புக்கு வரும்போது அவை சுருங்கிவிடுகின்றன.

இடையூறுகள் சில உண்டு. பழைய கோப்புகள் பலவகை எழுத்துருக் குறியேற்றங்களில் இருப்பவை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்ற பின்னும், பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்தால் பொருளற்ற குறிகள் வருவது இன்றும் உண்டு. மின்வருடிய பக்கங்களில் எழுத்துணரி ஒற்றெழுத்தின் புள்ளியைத் தவறவிட்டால் சொல்லே மாறிவிடும். அடுத்து, "வாதி, வாதியின், வாதிக்கு, வாதியால், வாதியிடமிருந்து" ஆகிய யாவும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று நிரல் அறிய வேண்டும். சொல்லை அப்படியே தேடினால் பாதிக்கு மேல் தவறிப்போகும். "பிரதிவாதி", "எதிர்வாதி" என்று ஒரே தரப்பை வெவ்வேறு நீதிமன்றங்கள் வெவ்வேறாகக் குறிப்பதையும் ஓர் அகராதியாகத் தொகுத்துக்கொள்ள வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2019 முதல் பயன்படுத்தும் சுவாஸ் மென்பொருள் வழியே மொழிபெயர்க்கப்பட்ட தமிழ்த் தீர்ப்புகளும் கிடைக்கின்றன. அவை மக்கள் படித்தறிய உதவுபவை. மொழிநடை ஆய்வுக்கு அவற்றை மூலமாகக் கொள்ளக் கூடாது.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாமா?

வகைக்குறி இடுவது, தீர்ப்பின் பகுதிகளைப் பிரிப்பது, குறிப்பிட்ட தகவலை உரையிலிருந்து எடுப்பது போன்ற வேலைகளுக்குக் கொடுக்கலாம். மனிதர் குறித்துவைத்த சில தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பிழை அளவைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. முன்தீர்ப்பைத் தேடித் தரச் சொல்லி, வந்ததைச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான மாட்டா வழக்கில், இல்லாத தீர்ப்புகளை மொழி மாதிரி புனைந்து கொடுக்க, அவற்றை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூன் மாதம் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, மாவட்ட நீதித்துறையில் முடிவெடுப்பதற்கோ சட்டக் காரணம் காண்பதற்கோ இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது.

ஆய்வாளருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புகழ்பெற்ற தீர்ப்புகளை மொழி மாதிரி ஏற்கெனவே படித்திருக்கும். கேசவானந்த பாரதியின் முடிவை அது சரியாகச் சொன்னால், உரையிலிருந்து கண்டறிந்ததா, நினைவிலிருந்து சொன்னதா என்று பிரிக்க இயலாது. பெயர் தெரியாத சாதாரண வழக்குகளில்தான் அதன் திறனைச் சோதிக்க வேண்டும்.

தீர்ப்புகள் பொது ஆவணங்கள்தானே, தனியுரிமைக் கவலை எதற்கு?

ஒரு தீர்ப்பை நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படிப்பதும், லட்சம் தீர்ப்புகளைப் பெயர்வாரியாகத் தேடும்படி அடுக்கி வைப்பதும் ஒன்றல்ல. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். போக்சோ சட்டம் குழந்தைகளுக்கு இதை மேலும் வலுவாக்குகிறது. பெயர் மறைக்கப்பட்ட தீர்ப்பிலும் ஊர், பள்ளி, உறவினர் பெயர் ஆகியவை தங்கிவிடுவதுண்டு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆளை அறிந்துவிடலாம். விடுதலையானவரின் பெயரை வேலை கொடுப்பவர் தேடும்போது, குற்றச்சாட்டு மட்டும் கண்ணில் படும்படி நம் தரவுத்தொகுப்பு அமைந்துவிடவும் கூடாது. ஆய்வுக்குப் பெயர் தேவையில்லை என்றால், வெளியிடும் முன் நீக்கிவிடுவதே முறை.

நிரலாக்கம் தெரியாத சட்ட மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

சிறிய கேள்வியிலிருந்து. "இந்திய நீதித்துறையில் பெண்களின் நிலை" என்பது தொடங்குவதற்கு ஏற்றதல்ல. "சென்னை உயர் நீதிமன்றம் குறிப்பிட்ட ஐந்தாண்டுகளில் பராமரிப்புத் தொகை வழக்குகளில் கணவரின் வருமானத்தை எந்தச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்தது" என்பது ஏற்றது. அதற்குரிய தீர்ப்புகளில் ஐம்பதை எந்தக் கருவியும் இல்லாமல் முழுமையாகப் படிக்க வேண்டும். படிக்கும்போதே எவற்றைக் குறிக்க வேண்டும், ஐயம் வந்தால் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று விதிகளை எழுதிக்கொண்டே வர வேண்டும். பிறகு அதே விதிகளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் குறிப்புகளைக் காட்டாமல், அதே தீர்ப்புகளைக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகும் அளவைக் கோஹனின் காப்பா என்ற கெழுவால் அளக்கலாம். தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதால், வெறும் விழுக்காட்டைவிட அது நம்பத் தகுந்தது. ஒத்துப்போகாத இடங்களில் பெரும்பாலும் விதிதான் தெளிவில்லாமல் இருக்கும், அதைத் திருத்துங்கள். இரண்டு சட்ட மாணவர்கள் ஒத்துப்போக முடியாத ஒன்றைக் கணினி சரியாகக் குறிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்குப் பிறகு பைத்தான் மொழியில் கோப்புகளைத் திறப்பது, சொற்கோவைகளைத் தேடுவது, அட்டவணையாக்குவது ஆகிய மூன்றையும் கற்றால் முதல் ஆய்வுக்குப் போதும். கணினித் துறையிலிருந்து வருபவர்கள் எதிர்த்திசையில் நடக்க வேண்டும்: மேல்முறையீடு, சீராய்வு, மறுஆய்வு ஆகியவற்றின் வேறுபாட்டையும், அமர்வின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பை இரண்டு நீதிபதிகள் மாற்ற முடியாது என்ற விதி உங்கள் வலைப்பின்னலில் தானாகத் தோன்றாது.

முடிவுகளை வெளியிடும்போது எவற்றைச் சேர்த்து வெளியிட வேண்டும்?

தீர்ப்புகள் எந்தத் தளத்திலிருந்து, எந்த நாளில் எடுக்கப்பட்டன என்ற குறிப்பு முதலில் வேண்டும். தளங்களில் தீர்ப்புகள் பின்னர் சேர்க்கப்படுவதும் நீக்கப்படுவதும் உண்டு. எடுக்க முடியாமல் போனவை எத்தனை, அவை குறிப்பிட்ட ஆண்டிலோ அமர்விலோ குவிந்திருக்கின்றனவா என்பதும் வேண்டும். குறியிடும் விதிகள், நிரல், இருவர் ஒத்துப்போன அளவு, பெயர் நீக்கிய தரவு ஆகியவற்றோடு, நிரல் தவறாக வகைப்படுத்திய தீர்ப்புகள் சிலவற்றையும் எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். அடுத்து வருபவர் உங்கள் அட்டவணையிலிருந்து ஏதேனும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, மூலத் தீர்ப்பைத் திறந்து, எந்தப் பத்தியைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்பினீர்கள் என்று சரிபார்க்கும்படி, ஒவ்வொரு வரியிலும் மேற்கோள் எண்ணும் பத்தி எண்ணும் இருக்க வேண்டும்.